குழல் கடையில் வாங்கியது, வண்டி என்னுடையது

மாதிரிப் பீரங்கிப் பித்துப் பிடித்தவர்களில் இரண்டு கட்சி உண்டு. பித்தளைத் தண்டை லேத்தில் மாட்டி, மாதக்கணக்கில் கடைசல் பிடித்து, வளையம் வளையமாக எடுத்து, மெருகேற்றி மேசைமேல் வைக்கிறவர்கள் ஒரு கட்சி. பெட்டியில் வருவதைப் பிரித்துப் பூட்டி அடுக்கிக்கொள்கிறவர்கள் இன்னொரு கட்சி. இரண்டு கட்சிக்கும் பேச்சுவார்த்தை நன்றாகவே நடக்கும்; மரியாதை மட்டும் ஒரு பக்கமாகத்தான் ஓடும். செய்கிறவர் ஒரு புன்சிரிப்போடு கேட்டுக்கொண்டிருப்பார். வாங்குகிறவர் அதற்குள் தானாகவே குரலைத் தாழ்த்தி, “நமக்கு லேத் வைக்க இடமில்லைங்க” என்று தொடங்கியிருப்பார். நான் எந்தக் கட்சி என்பது எனக்கே வெகுநாள் தெளிவாக இல்லை.

என்னிடம் ஒரு கப்பல் பீரங்கி இருக்கிறது. 32 ராத்தல் குண்டு போடும் பழைய பிரிட்டிஷ் பீரங்கியின் பதினாறில் ஒரு பங்கு. அசலின் குழல் 9 அடி 6 அங்குலம். என்னுடையது ஒரு சாண் நீளம்கூட இல்லை. சுடாது. பற்றவைக்கும் துளை மேலே ஒரு குழிவாக மட்டும் இருக்கிறது, உள்ளே போகவில்லை. குழலை வாங்கினேன். அதைத் தாங்கும் நான்கு சக்கர மரவண்டியை, அதன் இரும்பு வேலைகளோடு சேர்த்து, நானே செய்தேன். இந்தப் பித்தில் எனக்கு வெகுகாலம் மூத்த ஒருவர் ஒருநாள் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வண்டி நன்றாக வந்திருக்கிறது என்றார். பிறகு, “குழலையே வாங்கிட்டீங்கன்னா, அப்புறம் இதுல உங்களோடதுன்னு என்ன இருக்கு தம்பி?” என்று கேட்டார்.

கேலி செய்திருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லிச் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அவர் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவருக்குக் குழல்தான் பீரங்கி. மற்றதெல்லாம் அதை நிறுத்தி வைக்கும் முக்காலி. எனக்கு அந்த இடத்தில் பதில் வரவில்லை. அதன்பிறகு பல நாள், பல்துலக்கும்போதும் பேருந்தில் நிற்கும்போதும் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒன்றும் உருப்படியாக அமையவில்லை.

கடைந்தவனின் நியாயம்

அவர் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியாததில்லை. நானும் குழல் கடைந்தவன்தான். அந்த வேலையின் ருசி தனி. பழைய பீரங்கிக் குழல் பார்வைக்கு ஒரே சரிவாகத் தெரியும்; உளியை வைத்தால்தான் அது மூன்று துண்டு என்று புரியும். மருந்து வெடிக்கும் பின்பகுதி மிகக் கனம், அடுத்த பகுதி அதைவிடக் கொஞ்சம் மெலிவு, வாய்ப்பக்கம் நீண்ட ஒல்லியான கழுத்து. ஒவ்வொன்றும் தனித்தனிச் சரிவு. ஒன்றிலிருந்து ஒன்று படி இறங்கித் தொடங்கும். வாயருகே மறுபடியும் பருக்கும். இத்தனைக்கும் நடுவே மெல்லிய வளையங்கள். கருவி கொஞ்சம் வெளியே நீண்டிருந்தால் போதும், அதிர்வு எடுத்து வளையத்தின்மேல் வரிவரியாகக் கோடு விழும். அரம் போட்டாலும் போகாது, உருவமும் கெடும்.

துளை போடுவது இன்னும் சுவாரசியம். துளையை முதலில் போட்டுவிட்டு, அதையே மையமாக வைத்து வெளிப்புறத்தைக் கடைவது நல்ல பழக்கம். துளை ஒரு மயிரிழை விலகியிருந்தாலும் வெளித்தோல் அதோடு சேர்ந்து போய்விடும். துளையிடும் கருவியைச் சுழற்றாமல் தண்டைச் சுழற்றினால் துளை நேராகப் போகும் என்பது லேத் பழகியவர்களுக்குத் தெரியும். பீரங்கிப் பட்டறைகள் இதை 18-ஆம் நூற்றாண்டிலேயே பிடித்துவிட்டன. அதற்கு முன்பு நடுவே ஒரு கருவை நிறுத்தி, அதைச் சுற்றி உலோகத்தை ஊற்றிக் குழலை உள்ளீடற்றதாகவே வார்ப்பார்கள். கரு கொஞ்சம் சாய்ந்தால் குழலின் ஒரு பக்கச் சுவர் மெலிந்துவிடும்; வெளியே பார்த்தால் தெரியாது. சுவிஸ்காரரான மாரிட்ஸ் கெட்டியாக வார்த்துப் பிறகு குடையும் முறையைக் கொண்டுவந்தார். 1774-ல் ஜான் வில்கின்சன் இங்கிலாந்தில் அப்படிக் குடையும் ஓர் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். குழல் சுழலும், கருவி சுழலாமல் முன்னேறும். 1779-ல் அந்தக் காப்புரிமையை ரத்து செய்துவிட்டார்கள். ஆனால் அவருடைய குடையும் திறமை இல்லாமல் ஜேம்ஸ் வாட்டுக்குத் தன் நீராவி இயந்திரத்தின் சிலிண்டர் ஒழுங்காகக் கிடைத்திருக்காது. பித்தளைத் தண்டில் துளை போட்டுவிட்டு அவசரப்பட்டுத் தொட்டுக் கையைச் சுட்டுக்கொண்டவர்களுக்கு இன்னொருவரையும் நினைவூட்டலாம். மியூனிக் ஆயுதசாலையில் பீரங்கி குடைவதை மேற்பார்த்த ரம்ஃபோர்டு பிரபு, மழுங்கிய கருவியை வைத்துக் குடையவிட்டு, அந்தச் சூட்டிலேயே இரண்டரை மணி நேரத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் காட்டினார். வெப்பம் என்பது உலோகத்துக்குள் அடைந்துகிடக்கும் ஒரு பொருள் அன்று, உராயும்வரை பிறந்துகொண்டே இருப்பது என்று 1798-ல் அவர் எழுதியதற்கு அந்தப் பட்டறைதான் காரணம்.

ஆக, குழல் கடைவது சின்ன வேலை என்று சொல்ல எனக்கு வாய் வராது. இருந்தாலும் குழல் கடைந்து நான் கற்றதெல்லாம் கடைசலைப் பற்றித்தான். சரிவு எப்படி எடுப்பது, வளையத்துக்கு உளியை எப்படித் தீட்டுவது, வாய்ப்பருப்பில் எங்கே மூச்சுப் பிடிப்பது. பீரங்கி ஏன் அந்த உருவத்தில் இருக்கிறது என்ற கேள்வியே அந்த நாட்களில் எனக்கு எழவில்லை. வரைபடத்தில் இருந்தது, எடுத்தேன்.

அரசாங்கமே வாங்கியது

மூத்தவருக்கான பதிலை முதலில் வரலாற்றில்தான் தேடினேன். இது கொஞ்சம் வக்கீல் புத்தி என்பது தெரியும். தேடியவரை கிடைத்தது என்னவோ சுவையாகத்தான் இருந்தது.

1716-ல் லண்டன் மூர்கேட் பகுதியில் இருந்த ஒரு தனியார் வார்ப்புச்சாலையில், பிரெஞ்சுக்காரரிடம் பிடித்த பழைய பீரங்கிகளை உருக்கி மறுபடி வார்த்துக்கொண்டிருந்தார்கள். வார்ப்படம் ஈரமாக இருந்தது. உருகிய உலோகம் உள்ளே போனதும் நீராவி வெடித்து 17 பேர் இறந்துபோனார்கள். அதன்பிறகுதான் வூல்விச்சில் அரசாங்கம் தனக்கென்று ஒரு வெண்கல வார்ப்புச்சாலை கட்டியது. சரி, அன்றிலிருந்து எல்லாவற்றையும் தானே செய்துகொண்டதா என்றால் இல்லை. வெண்கலக் குழல்களை மட்டும் தானே வார்த்தது. கப்பற்படைக்குக் குவியல் குவியலாகத் தேவைப்பட்ட இரும்புக் குழல்களை அதற்குப் பிறகும் நூறாண்டுக்கு மேல் தனியார் உலைகளிடம்தான் வாங்கியது. வாங்கிய ஒவ்வொரு குழலையும் வூல்விச்சுக்குக் கொண்டுவந்து, வழக்கத்தைவிட அதிக மருந்து கெட்டித்துச் சுட்டுப் பார்த்து, தேறினால்தான் முத்திரை. ஸ்காட்லாந்தின் கரோன் கம்பெனி கொடுத்த குழல்கள் வெடிக்கின்றன என்று புகார் வந்து, 1773-ல் அவற்றைப் போர்க்கப்பல்களிலிருந்தே இறக்கிவிட்டார்கள். அப்படி அவமானப்பட்ட கம்பெனிதான் சில ஆண்டுகளில் குட்டையான, இலேசான ‘கரோனேட்’ பீரங்கியைக் கொண்டுவந்து அதே கப்பற்படைக்கு விற்றது என்பது வேறு கதை.

குழல் வெளியிலிருந்து வந்தது. வண்டியோ வூல்விச்சிலேயே தச்சர்களையும் கொல்லர்களையும் வைத்துச் செய்யப்பட்டது. மரத்தைப் பக்குவப்படுத்திக் காயவைப்பதிலிருந்து சக்கரத்துக்குப் பட்டை போடுவதுவரை எல்லாம் உள்ளேயேதான். இதைப் படித்ததும் எனக்கு ஒரே குஷி. மூத்தவரிடம் போய், “இங்கிலாந்து ராஜாவே குழலை வாங்கி வண்டியைத்தான் செஞ்சிருக்கார் அண்ணா” என்றேன். அவர் சிரித்துவிட்டு, “ராஜா ஆயிரக்கணக்குல வாங்கினார். நீங்க ஒண்ணே ஒண்ணு வெச்சிருக்கீங்க” என்றார். சரியான அடி. ராஜா வாங்கியது கணக்குக்காக. என்னைக் கேட்டது கணக்கைப் பற்றி இல்லை.

வண்டி கேட்ட கேள்வி

பதில் வேறு பக்கத்திலிருந்து வந்தது. அந்தக் கப்பல் வண்டியைச் செய்தபோது நடந்ததை நான் அதுவரை ஒரு தொல்லையாக மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பழைய கப்பல் வண்டி பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும். இரண்டு பக்கமும் தடித்த பலகைகள், பின்னால் போகப்போகப் படிக்கட்டுபோல் இறங்கும். குறுக்கே ஒரு கட்டை, கீழே இரண்டு அச்சு, நான்கு குட்டி மரச்சக்கரம். அந்தப் படிகள் அழகுக்கு இல்லை. குழலின் பின்பக்கத்தை உயர்த்தக் கடப்பாரை போன்ற மரத்தண்டை ஏதாவதொரு படியில் ஊன்றி நெம்புவார்கள். எந்த உயரத்துக்கு எந்தப் படி வாகாக இருக்கிறதோ அது. நெம்பித் தூக்கிய நேரத்தில் இன்னொருவர் அடியில் ஆப்பைத் தள்ளுவார். பின்சக்கரங்கள் முன்சக்கரங்களைவிடச் சிறியவை. கப்பலின் தளம் நடுவில் மேடாகவும் ஓரத்தில் தாழ்வாகவும் வளைந்திருப்பதால், சக்கரம் நான்கும் ஒரே அளவாக இருந்தால் பீரங்கி வெளிப்பக்கம் குனிந்து நிற்கும். கடையில் விற்கும் மலிவுச் செட்டுகளில் நான்கு சக்கரமும் ஒரே அளவில்தான் இருக்கும். கடைக்காரருக்கு ஒரே அச்சில் நான்கும் வார்த்துவிடலாம், வசதி.

என் தொல்லை குழலின் பக்க முளைகளில் இருந்தது. குழலின் இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த இரண்டு உருண்டை முளைகளை, டிரனியன் என்பதை, வண்டிப் பலகையின் மேல்விளிம்பில் வெட்டிய அரைவட்டக் குழியில் உட்காரவைக்க வேண்டும். அசல் வரைபடத்தைப் பார்த்து வண்டியை முடித்துவிட்டு, வாங்கிய குழலை மேலே வைத்தேன். குழல் பலகைகளுக்கு நடுவே புதைந்த மாதிரி தாழ்ந்து நின்றது. ஆப்பு உள்ளேயே நுழையவில்லை. வண்டியை மூன்று முறை அளந்து பார்த்துவிட்டுத்தான் குழலை அளந்தேன். விற்றவர் முளைகளைக் குழலின் நட்டநடு அச்சில் வைத்திருந்தார். அந்தக் காலத்துக் குழல்களில் முளைகள் நடு அச்சுக்குக் கீழே இருந்திருக்க வேண்டும்.

விற்றவரைக் குறை சொல்லிப் பயனில்லை. உருண்டையான தண்டில் நட்டநடுவே குறுக்குத் துளை போட்டு ஒரு கம்பியைச் செருகிவிடுவது சுலபம். நடுவிலிருந்து விலகித் துளை போட்டால் கருவி வழுக்கும், அதைப் பிடித்து நிறுத்தத் தனியாக ஒரு தாங்கி செய்ய வேண்டும். ஏன் கீழே வைத்தார்கள் என்று அப்போதுதான் முதன்முதலாக யோசித்தேன். சுடும்போது உதை குழலின் நடு அச்சு வழியாகப் பின்னால் வருகிறது. அதைத் தாங்கும் முளை அச்சுக்குக் கீழே இருந்தால், உதை குழலைப் பின்னால் தள்ளுவதோடு அதன் பின்பக்கத்தைக் கீழே அழுத்தவும் செய்யும். குழல் துள்ளாமல் ஆப்பின்மேல் உட்காரும். அதற்கு விலை உண்டு. ஒவ்வொரு முறை சுடும்போதும் ஆப்பும் அதன் அடிப்பலகையும் வண்டியின் சக்கர அச்சும் சம்மட்டி அடி வாங்கும். அதனால்தான் வண்டியின் பின்பகுதி அத்தனை தடிப்பு. பின்னாளில் முளைகள் மெல்ல மெல்ல நடு அச்சை நோக்கி ஏறியதற்கும் இந்த அடிதான் காரணமாகச் சொல்லப்படுகிறது. இந்த ஒரு முளையின் இருப்பிடத்தில் குழல்காரனுக்கும் வண்டிக்காரனுக்கும் நடந்த பேரம் முழுவதும் இருக்கிறது.

கம்பியைத் தட்டி எடுத்து, துளையைப் பித்தளையால் அடைத்து வெள்ளிப்பற்று வைத்து, கீழே புதுத்துளை போட்டு முளைகளை மாற்றினேன். இப்போது குழல் சரியாக உட்காருகிறது. இதே குழலை நானே கடைந்திருந்தால் முளையை எங்கே வைத்திருப்பேன்? வரைபடத்தில் கீழே இருந்தால் கீழே, மேலே இருந்தால் மேலே. குழலை மட்டும் செய்து மேசையில் வைக்கிறவருக்கு அது ஒரு அளவு. வண்டி செய்கிறவருக்குத்தான் அது இடிக்கும்.

பிரின்ஸ்டன் கப்பலின் இரண்டு குழல்கள்

இவ்வளவும் கையில் இருந்தும், மூத்தவரிடம் போய்ச் சொல்ல இன்னும் தைரியம் வரவில்லை. ஒரு முளையை வைத்துக்கொண்டு பெரிய வாதம் செய்ய முடியுமா? பிறகு களப் பீரங்கி ஒன்றின் சக்கரத்துக்குப் பட்டை போட்ட அன்றுதான் எனக்கு எல்லாம் ஒன்றுகூடி வந்தது. அதைச் சொல்வதற்கு முன் ஒரு விபத்தைச் சொல்ல வேண்டும். பீரங்கி பற்றிப் படிக்கிற யாரும் தப்பிக்க முடியாத விபத்து அது.

1844 பிப்ரவரி 28. அமெரிக்கக் கடற்படையின் புத்தம்புதுக் கப்பலான பிரின்ஸ்டன், போட்டோமாக் ஆற்றில் பெரிய மனிதர்களை ஏற்றிக்கொண்டு உலா போகிறது. அதிபர் டைலரும் இருக்கிறார். கப்பலில் 12 அங்குல வாயுள்ள இரண்டு ராட்சதப் பீரங்கிகள், இரண்டும் தேனிரும்பை அடித்துச் செய்தவை. ஒன்றின் பெயர் ஓரிகன். கப்பலை வடிவமைத்த ஜான் எரிக்சனின் திட்டப்படி இங்கிலாந்தில் லிவர்பூல் பட்டறையில் செய்து வாங்கியது. இன்னொன்று பீஸ்மேக்கர். கப்பலின் தலைவர் ராபர்ட் ஸ்டாக்டன், ஓரிகனைப் பார்த்து, தன் திட்டப்படி நியூயார்க்கில் செய்வித்தது. ஓரிகனைவிடப் பின்பகுதி நன்றாகத் தடித்தது, எடையும் மிகுந்தது. அன்று பீஸ்மேக்கரைச் சுட்டுக் காட்டினார்கள். கடைசியாக ஒருமுறை சுட்டபோது அதன் பின்பகுதி பிளந்தது. வெளியுறவு அமைச்சர் அப்ஷர், கடற்படை அமைச்சர் கில்மர் உட்பட ஆறு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் அதிபரின் அடிமையாக இருந்த ஆர்மிஸ்டெட். டைலர் கீழ்த்தளத்தில் இருந்ததால் பிழைத்தார்.

வாங்கியது நின்றது, செய்தது வெடித்தது என்று இதைச் சொல்லிவிட்டுப் போனால் வாங்கும் கட்சிக்குக் கொண்டாட்டமாக இருக்கும். நடந்தது அதைவிடச் சிக்கல். வாங்கிய ஓரிகனும் சோதனையில் கீறல் விட்டது. எரிக்சன் அதைத் தூக்கி எறியவில்லை. பின்பகுதியின்மேல் இரும்பு வளையங்களைச் சூடேற்றி மாட்டி, ஆறும்போது இறுகவிட்டார். அந்த இறுக்கத்தில் ஓரிகன் தாங்கியது. ஸ்டாக்டன் தன்னுடையதைச் செய்தபோது வளையங்களை விட்டுவிட்டார். அதற்குப் பதிலாக உலோகத்தைக் கூட்டினார். தடிப்பாக இருந்தால் பலம் என்பது பார்வைக்கு நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் அவ்வளவு பெரிய இரும்புத் திரளைத் துண்டு துண்டாகச் சூடேற்றி அடித்துச் சேர்க்கும்போது உள்ளே ஒட்டு சரியாகப் பிடிக்காது. நெடுநேரம் தீயில் கிடந்த இரும்பின் பலமும் குறையும். விபத்துக்குப் பிறகு பிராங்ளின் கழகம் என்ற அமெரிக்க அறிவியல் அமைப்பின் குழு ஆராய்ந்தபோது, அதன் உள்ளிரும்பும் ஒட்டுகளும் மோசமாக இருந்ததைத்தான் எடுத்துச் சொன்னது. சோதனையும் பெயருக்குச் சில சூடுகளோடு முடிந்திருந்தது.

நான் அன்று மரச்சக்கரம் ஒன்றைச் செய்து முடித்திருந்தேன். அசலில் எட்டில் ஒரு பங்கு. பிரிட்டிஷ் முறைப்படி பன்னிரண்டு ஆரக்கால், ஆறு வட்டை. வட்டை என்பது சக்கரத்தின் விளிம்பாகச் சேரும் வளைந்த மரத்துண்டு. ஒரு வட்டைக்கு இரண்டு ஆரக்கால். நடுக்குடத்துக்கு எல்ம் மரம், அதன் ரேகை பின்னிக் கிடப்பதால் சுற்றிலும் துளை போட்டாலும் பிளக்காது. ஆரக்காலுக்கு ஓக், வட்டைக்கு வளைந்துகொடுக்கும் ஆஷ். சக்கரமும் தட்டையாக இருக்கக் கூடாது; ஆரக்கால்கள் குடத்திலிருந்து வெளிப்பக்கம் சாய்ந்து, சக்கரம் ஆழமில்லாத தட்டுபோல் குழிந்திருக்க வேண்டும். அச்சின் முனை கொஞ்சம் கீழே வளைந்திருப்பதால், எந்த ஆரக்கால் தரையில் எடையைத் தாங்குகிறதோ அது மட்டும் அந்த நொடியில் செங்குத்தாக நிற்கும். மேட்டிலும் பள்ளத்திலும் வண்டி பக்கவாட்டில் ஆடும்போது அந்தக் குழிவுதான் சக்கரத்தை மடங்காமல் காக்கிறது. (விற்பனைக்கு வரும் மாதிரிகளில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். முக்கால்வாசி தட்டை.) இவ்வளவையும் செய்த பிறகும் சக்கரம் கையில் கடகடவென்று ஆடியது. எந்த மூட்டிலும் பசை இல்லை, ஆணி இல்லை.

சக்கரத்தின் சுற்றளவைவிடக் கொஞ்சமே குறைவான இரும்பு வளையத்தைச் சிவக்கச் சூடாக்கினேன். விரிந்த வளையத்தை இடுக்கியால் பிடித்து மேலே இறக்கித் தட்டினேன். மரம் புகைந்தது. தண்ணீரை ஊற்றியதும் உள்ளே ஒவ்வொரு மூட்டாக ‘டக், டக்’ என்று இறுகும் சத்தம் கேட்டது. வட்டைகள் ஒன்றோடொன்று முட்டி, ஆரக்கால்கள் குடத்துக்குள் அழுந்தி, கடகடத்த சக்கரம் ஒரே கட்டையாக ஆகிவிட்டது. எடுத்துத் தரையில் தட்டிப் பார்த்தேன். கல்போல் நின்றது.

ஓரிகனைக் காப்பாற்றிய வேலை இதேதான் என்பது அந்தத் தண்ணீர்ச் சத்தத்தின் நடுவேதான் உறைத்தது. வளையத்தைச் சூடாக்கு, மாட்டு, ஆறவிடு. ஆறியபின் அது உள்ளே இருப்பதை எப்போதும் நசுக்கிக்கொண்டே இருக்கும். குழலுக்குள் மருந்து வெடித்து வெளியே தள்ளும்போது, அந்தத் தள்ளல் முதலில் இந்த நசுக்கலைத் தீர்த்தாக வேண்டும். அதற்குப் பிறகுதான் குழலின் இரும்பு இழுபடத் தொடங்கும். எத்தனையோ தலைமுறையாகச் சக்கரம் செய்கிறவர்களுக்குத் தெரிந்த வித்தை இது. 1850-களில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்ம்ஸ்ட்ராங் குழலின்மேல் குழலாகச் சூடேற்றி மாட்டிப் பீரங்கி கட்டியபோது, அந்த வித்தை பீரங்கிப் பட்டறையின் நடுக்கூடத்துக்கே வந்துவிட்டது. பிரின்ஸ்டன் செய்தி உலுக்கிய இன்னொருவர் அமெரிக்கப் படையதிகாரி ராட்மன். அவர் வார்ப்பிரும்பில் அதே காரியத்தைச் செய்தார். நடுவே உள்ளீடற்ற கருவை வைத்து, அதற்குள் தண்ணீரை ஓடவிட்டு, குழலை உள்ளிருந்து வெளியே ஆறவைத்தார். முதலில் ஆறிய உட்பகுதியின்மேல், பின்னால் ஆறும் வெளிப்பகுதி ஒவ்வொரு அடுக்காகச் சுருங்கி இறுகியது.

ஸ்டாக்டன் கண்ணுக்குத் தெரிந்ததைப் பார்த்துச் செய்தார். இதைத்தான் மூத்தவரிடம் சொன்னேன். சொந்தமாகச் செய்வதால் மட்டும் ஒரு பொருள் நமக்குப் புரிந்துவிடாது. நாம் எந்தப் பகுதியைச் செய்கிறோமோ, அது அடுத்த பகுதியோடு முட்டும் இடத்தில்தான் புரிய ஆரம்பிக்கிறது. பீரங்கியில் அந்த முட்டல் முழுக்க வண்டியில்தான் நடக்கிறது. குழலை மட்டும் கடைந்து வைத்தால் அது யாரோடும் முட்டாது. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “அப்ப என்னோட அலமாரியில இருக்கறதெல்லாம் பேப்பர் வெயிட்டுங்கறீங்க” என்றார். நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் மறுக்கவும் அவசரப்படவில்லை.

சுடுகிற பீரங்கி

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் படிக்கிற சிலர் கேட்கப்போவது அதுதான்: சுடுகிற மாதிரியைச் சொந்தமாகச் செய்யலாமா? குழலை வாங்கலாம் என்ற என் கட்சி அங்கே இன்னும் கெட்டியாகிவிடுகிறது. சுடும் குழல் என்பது உருவம் இல்லை, ஒரு உத்தரவாதம். உள்ளே ஒட்டு பிடித்திருக்கிறதா, வார்ப்பில் காற்றுக்குமிழி இருக்கிறதா என்பதை லேத்தில் நின்று கண்ணால் சொல்ல யாராலும் முடியாது. அழகாகக் கடைபடும் பித்தளை, வெடிப்பைத் தாங்கும் உலோகம் என்று பொருளில்லை. பிரிட்டனில் துப்பாக்கிக் குழல்களைச் சோதித்து முத்திரை போட லண்டனிலும், 1813-லிருந்து பர்மிங்காமிலும் தனி நிலையங்களே இருக்கின்றன. முத்திரையில்லாமல் விற்பது சட்டப்படி குற்றம். பீரங்கியென்றால் உயிரையே விடும் ஸ்காட்லாந்து மன்னர் இரண்டாம் ஜேம்ஸ், 1460-ல் ராக்ஸ்பரோ முற்றுகையில் தன் பீரங்கி ஒன்றின் பக்கத்தில் நின்றபோது அது வெடித்து இறந்தார். அவர் விஷயத்தில் அந்த ‘உயிரையே விடும்’ நிஜமாகிப்போனது. சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும், அதைத் தனியே பார்த்துக்கொள்ள வேண்டும். நான் என்னுடையவற்றில் துளையை மூடியே வைக்கிறேன்.

சுடுகிற சின்னப் பீரங்கி ஒன்றின்மேல் மட்டும் எனக்கு ஆசை உண்டு. சூரியக் கடிகாரத்தின் பலகையில் விரற்கடை பித்தளைக் குழல், அதன்மேல் ஒரு பூதக்கண்ணாடி. உச்சிவேளையில் வெயில் குவிந்து தானாகவே வெடிக்கும். பாரிஸ் பலே-ரோயால் தோட்டத்தில் 1786-ல் அப்படி ஒன்றை நிறுவி, ஊரே அந்தச் சத்தத்துக்குக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டது. அதையும் சுடாத மாதிரியாகத்தான் செய்வேன். கண்ணாடியைச் சாய்க்கும் வில்லும் அளவுகோடுகளும் போதும் எனக்கு வேலை கொடுக்க.

அடுத்து எடுக்கப்போவது கரோனேட். மூத்தவரும் இந்த முறை கூட்டுச் சேர்கிறார். குழலை அவர் கடைவதாகச் சொன்னார், நான் வாங்கலாம் என்றேன். அதில் இன்னும் சண்டை தீரவில்லை. கரோனேட்டுக்குப் பக்க முளைகளே கிடையாது. குழலின் அடிவயிற்றில் ஒரு காது மட்டும் இருக்கும். அதில் ஆணி கோத்து ஒரு சறுக்குப் பலகையில் பூட்டுவார்கள். உதைத்தால் பலகை அடிச்சட்டத்தின்மேல் வழுக்கிப் பின்னால் போகும். ஆகவே அந்தக் காது எங்கே இருக்கிறது, எவ்வளவு தடிப்பு, ஆணித்துளை எவ்வளவு கீழே என்பது தெரியாமல் நான் ஒரு பலகையும் வெட்ட முடியாது. விற்பவர் ஒருவருக்கு அளவு கேட்டு எழுதினேன். குழலின் நீளத்தை மட்டும் அனுப்பியிருக்கிறார். மூத்தவரிடமும் அதையே கேட்டேன். “வண்டிய நீங்க வரைஞ்சு குடுங்க, அதுக்கு ஏத்த மாதிரி காதை வெச்சுடறேன்” என்றார். வரைந்துகொண்டிருக்கிறேன்.